எந்த வேளைக்கு எந்தக் கச்சேரி?

மார்கழி மாதத்தில், ஊர் முழுவதும் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் பின்னிரவு இரண்டு மணிக்கு, திருச்சிராப்பள்ளியில் பட்டப்பகல் போல விளக்கெரிந்து வியாபாரம் நடக்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது காந்தி மார்க்கெட்தான். லாரிகளிலிருந்து வெங்காய மூட்டைகள் இறங்குகின்றன. தலையில் சும்மாடு கட்டிய தொழிலாளிகள் 'வழி, வழி' என்று குரல் கொடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். மண்டியின் கணக்குப்பிள்ளை காதை மூடிய மஃப்ளரோடு சிட்டை எழுதுகிறார். இவர்கள் வேலை ஓயும் நேரத்தில்தான் ஊர் கண் விழிக்கிறது. ஊர் தன் வேலையை முடித்து, முகம் கழுவி, கச்சேரிக்குப் புறப்படும் மாலை ஆறு மணிக்கு இவர்கள் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரிக்கிறார்கள். சங்கீதப் பருவத்துக்கென்று எழுதப்படும் வழிகாட்டிகள் யாவும் மாலை ஆறு மணிக்கு ஓய்ந்திருப்பவரையே மனத்தில் வைத்து எழுதப்படுவதால், இந்த மார்க்கெட்டைச் சுற்றி வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அவற்றால் அதிகப் பிரயோஜனம் இல்லை.

ரசிகர்களைப் பிரிக்கிறவர்கள், 'விஷயம் தெரிந்தவர்', 'தெரியாதவர்' என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். அந்தப் பிரிவினையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வெங்காய மண்டியில் நாற்பது வருஷம் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், முந்தின நாள் கேட்ட கச்சேரியைப் பற்றி என்னிடம் சொன்னார்: "தம்பி, ராகத்தின் பேரெல்லாம் எனக்குத் தெரியாது. அவர் அங்கே சுற்றி இங்கே சுற்றி ஓர் இடத்தில் வந்து நின்றார் பாருங்கள், அப்போது என் கையும் தானாக நின்றுவிட்டது." இவரை எந்த வகையில் சேர்ப்பது? ஆகையால் இந்த அத்தியாயத்தில், யாருக்கு எந்த வேளையில் ஓய்வு என்ற ஒன்றையே அளவாக வைத்துக்கொண்டு வரப்போகும் பருவத்தைப் பிரித்திருக்கிறேன். விடியற்காலை, நடுப்பகல், மாலை என்ற மூன்று வேளைகளும், ஒரு முழுநாள் பிரயாணமும் இதில் அடங்கும்.

முதலில் பருவத்தின் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 'டிசம்பர் ஸீஸன்' என்று வழங்குவதற்கு மூலம், 1927-ஆம் ஆண்டு இறுதியில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபையையொட்டி நடந்த சங்கீத மகாநாடு. அதன் பயனாக அடுத்த ஆண்டு சங்கீத வித்வத் சபை தோன்றியது. நம் மார்க்கெட் விஸ்தரிக்கப்பட்டு மகாத்மாவின் பெயரைப் பெற்றதும் அதே 1927-இல்தான் என்பது வெறும் தற்செயல் என்றாலும், நினைவில் வைத்துக்கொள்ள வசதியான தற்செயல். சென்னையின் பருவம் ஆங்கிலத் தேதியைப் பின்பற்றுகிறது. காவிரிக் கரையின் பருவமோ பஞ்சாங்கத்தைப் பின்பற்றி, ஸ்ரீரங்கத்தின் அத்யயன உத்ஸவத்தில் தொடங்கி, திருவையாற்றில் தியாகப்பிரம்மத்தின் ஆராதனையில் நிறைவு பெறுகிறது. இங்கே திதி தெரியாமல் தேதி குறிப்பவர் ஏமாறுவார். வைகுண்ட ஏகாதசி எப்போதும் மார்கழியில்தான் வரும் என்று நம்பி 2021-ஆம் ஆண்டு வெளியூரிலிருந்து புறப்பட்டவர்கள், ஸ்ரீரங்கத்தில் அது கார்த்திகையிலேயே, டிசம்பர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டதை வந்த பிறகு தெரிந்துகொண்டார்கள். சில ஆண்டுகளில் அப்படி நேர்வது இத்தலத்தின் முறை. கோயில் வெளியிடும் உத்ஸவப் பத்திரிகையைப் பார்க்காமல் ரயிலுக்கு முன்பதிவு செய்யவேண்டாம்.

விடியற்காலையில் ஓய்வு கிடைப்பவர்களுக்கும், விடியற்காலையிலேயே வேலை முடிந்துவிடுபவர்களுக்கும் இந்தப் பருவம் மிகவும் தாராளமானது. மார்கழி முதல் தேதியிலிருந்து கோயில்தோறும் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்கும். பல தெருக்களில் ஜால்ராவும் ஹார்மோனியமுமாக பஜனை கோஷ்டி சுற்றிவரும். ஒலிபெருக்கியின் அலறலுக்கு அஞ்சி இவற்றைச் சங்கீதக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே. ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். முப்பது பாசுரங்களுக்கும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டுகளே, எம். எல். வசந்தகுமாரியின் குரலில் பதிவாகி, இன்று நம் காதில் திருப்பாவை என்றதும் நிற்கின்றன. முதல் பாசுரம் நாட்டை. திருவையாற்று ஆராதனையில் தியாகையரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் தொடங்குவதும் நாட்டை. மார்கழி முதல் நாள் காலையில் மூட்டை இறக்கிக்கொண்டே அந்தப் பாசுரத்தைக் கேட்டவர், வேறெந்தப் பாடமும் இல்லாமல், பருவத்தின் முடிவில் வரப்போகும் ராகத்தோடு பழகிவிடுகிறார். முப்பது நாளும் ஒரே வரிசையில் ராகங்கள் வருவதால், ஆண்டுதோறும் கேட்கும் காதுக்கு இதைவிட மலிவான, இதைவிட ஒழுங்கான சங்கீதப் பள்ளிக்கூடம் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

மண்டியில் கணக்கு முடித்து, காலை எட்டு அல்லது ஒன்பது மணிக்கு வெளியே வருகிறவர்கள், வீட்டுக்குப் போய்ப் படுக்குமுன் ஒரு நாளாவது ஸ்ரீரங்கத்தின் பகல்பத்துக்குப் போகவேண்டும். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் பேருந்துகள் அடுத்தடுத்துப் போகின்றன. காவிரிப் பாலத்தைத் தாண்டிவிட்டால் மாம்பழச் சாலை, திருவானைக்காவல், அப்புறம் ராஜகோபுரம். 236 அடி உயரமுள்ள அந்தக் கோபுரம் முழுமை பெற்றது 1987-இல்தான். அதற்கு முன் பல தலைமுறைகள் மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போய் ஆழ்வார்களின் பாசுரங்களைக் கேட்டன. திருநெடுந்தாண்டகத்தில் தொடங்கும் உத்ஸவத்தில், பகல்பத்து நாட்களில் நம்பெருமாள் அர்ஜுன மண்டபத்தில் எழுந்தருளியிருக்க, அரையர்கள் கூம்பிய குல்லாயும் கையில் தாளமுமாக நின்று பாசுரத்தை இசைத்து, அதற்கு அபிநயம் பிடித்து, வியாக்கியானமும் சொல்கிறார்கள். நாதமுனிகள் தம் மருமக்கள் இருவருக்குக் கற்பித்த இசைவழி இது என்பது சம்பிரதாயம். இன்று ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி முதலான சில தலங்களில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

அரையர் சேவையைக் கச்சேரியாக எண்ணிக்கொண்டு போகிறவருக்கு ஏமாற்றம் நிச்சயம். மைக் இல்லை, கைதட்டல் இல்லை, பக்கவாத்தியம் என்பது அந்தத் தாளம் ஒன்றே. கூட்டத்தில் நிற்கும் இடத்தைப் பொறுத்து, பாதி காதில் விழும், பாதி விழாது. ஆகவே அன்றைக்கு எந்த ஆழ்வாரின் எந்தப் பாசுரங்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, நாலாயிரத்தின் சிறிய பதிப்பு ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்வது உத்தமம். சொல் முன்பே கண்ணில் பட்டிருந்தால், பாதிக் குரலே போதும். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் மோகினி அலங்காரம். அன்றும் மறுநாள் பரமபதவாசல் திறப்பன்றும் பாட்டுக் கேட்கலாம் என்ற எண்ணத்தோடு போகவேண்டாம். அவை தரிசனத்துக்குரிய நாட்கள். நெரிசலில் முதியவர்களையும் குழந்தைகளையும் கொண்டுபோய் விடுவது பாவம். பகல்பத்தின் இரண்டாம், மூன்றாம் நாட்களே செவிக்கு ஏற்றவை.

இராப்பத்தில் ஆயிரங்கால் மண்டபத்தைச் சேர்ந்த திருமாமணி மண்டபத்தில் திருவாய்மொழி நடைபெறும். நம்பெருமாள் இரவில் மூலஸ்தானத்துக்குத் திரும்பும்போது அவருக்குமுன் வீணை வாசிக்கப்படுகிறது. வீணை ஏகாந்தம் என்பார்கள். பேரி, திருச்சின்னம், நாகஸ்வரம் எல்லாம் அடங்கிய பிறகு, அத்தனை பெரிய பிராகாரத்தில் அந்தச் சின்னஞ்சிறு நாதம் மட்டும் கேட்கும். பத்து மணிக்கு மேல் வேலைக்குப் போகும் மார்க்கெட்காரர் ஒருவர், போகிற வழியில் இதைக் கேட்டுவிட்டுத்தான் ஒவ்வோராண்டும் முதல் மூட்டையைத் தொடுவதாக என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் மேல் எனக்குப் பொறாமை உண்டு. நான் அந்த நேரத்தில் தூங்கிவிடுகிற வர்க்கத்தைச் சேர்ந்தவன்.

நடுப்பகல் மட்டுமே ஓய்வுள்ளவர்கள், அதாவது பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அடுப்பை இறக்கிய தாய்மார்கள், சில்லறைக் கடையை மதியம் சாத்துகிறவர்கள், இவர்களுக்குச் சபைகள் அதிகம் தருவதில்லை. திருவானைக்காவலில் உச்சிக்காலப் பூஜைக்குப் போய்வருவது ஒரு வழி. அர்ச்சகர் புடவையும் கிரீடமும் தரித்து அகிலாண்டேசுவரி அம்மையாகவே சுவாமி சந்நிதிக்கு மங்கள வாத்தியத்தோடு செல்லும் காட்சியை வெளியூரார் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். நாம் நாகஸ்வரக்காரரைப் பார்க்கலாம். கருங்கல் பிராகாரத்தில் நாகஸ்வரமும் தவிலும் கேட்டுப் பழகிய காதுக்கு, மூடிய அரங்கில் ஒலிபெருக்கி வழியாக அதே வாத்தியங்களைக் கேட்பது சகிக்காது. மற்றொரு வழி வானொலி. திருச்சி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் தேதி ஒலிபரப்பைத் தொடங்கியது. கடையை விட்டு அசைய முடியாத ஒரு தலைமுறை வியாபாரிகள், கல்லாவுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துக்கொண்டே பெரிய வித்வான்களின் பாணிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். இப்போது பெட்டியின் இடத்தில் கைப்பேசி வந்திருக்கிறது. ஆனால் கைப்பேசியில் நினைத்த பாட்டை நினைத்தபோது நிறுத்தலாம் என்பதால், ஒரு ராக ஆலாபனையை முழுவதும் கேட்கும் பொறுமை குறைந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி மாலைக் கச்சேரி. திருச்சியில் சபை என்றதும் நினைவுக்கு வருவது 1914-இல் எப். ஜி. நடேச ஐயர் தோற்றுவித்த ரசிக ரஞ்சன சபை. ரயில்வே உத்தியோகஸ்தரான அவருக்கு நாடகத்தில் அபார மோகம்; அந்தச் சபையின் அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறிய சிறுவன்தான் பிற்காலத்து எம். கே. தியாகராஜ பாகவதர். பாகவதரைச் சினிமாக்காரர் என்று மட்டும் எண்ணுகிறவர்கள், அவர் ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் முறையாகப் பாடம் கேட்டவர் என்பதை மறந்துவிடுகிறார்கள். பிடில் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, முசிறி சுப்பிரமணிய ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள், லால்குடி ஜெயராமன், மிருதங்கம் திருச்சி சங்கரன் என்று, ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சுமந்து சென்றவர்களின் வரிசை இந்த ஜில்லாவுக்கு நீளமானது.

சபைகளும் கோயில் மண்டபங்களும் தங்கள் நிகழ்ச்சி நிரலைப் பருவம் தொடங்குமுன் அச்சடித்துவிடும். பல கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. முன்வரிசை நாற்காலிகள் அங்கத்தினருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரே உட்காருவதைவிட, நடு மண்டபத்தில் ஓரமாக உட்காருவதே காதுக்கு இதம். நிரலைக் கையில் எடுத்தவுடன் பிரபலமான பெயர்களுக்கெல்லாம் அடிக்கோடு இட்டு, வாரத்துக்கு ஐந்து என்று திட்டம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் அவர்கள் கச்சேரியில் தூங்குகிறார்கள். புதிதாகக் கேட்கத் தொடங்குபவருக்கு இந்தப் பருவம் முழுவதற்கும் நான்கு மாலைகள் போதும்: வாய்ப்பாட்டு இரண்டு, வீணை அல்லது புல்லாங்குழல் ஒன்று, நாகஸ்வரம் ஒன்று. வாய்ப்பாட்டு இரண்டில் ஒன்று இளைஞருடையதாக இருக்கட்டும். பெயர் எடுக்கவேண்டும் என்ற தவிப்போடு பாடுகிறவரிடம் கிடைக்கும் சிரத்தை, பெயர் எடுத்தவரிடம் எல்லா நாளும் கிடைக்காது.

கச்சேரிக்கென்று ஒரு வரிசை உண்டு. இன்று நாம் கேட்கும் வடிவத்தை நிலைநாட்டியவர் அரியக்குடி. வர்ணத்தில் தொடங்கி, சிறிய கிருதிகள் சிலவற்றைக் கடந்து, ஒரு பெரிய ராகத்தை விஸ்தாரமாக ஆலாபனை செய்து, அதில் கீர்த்தனை, நிரவல், கற்பனை ஸ்வரம், பின் தனி ஆவர்த்தனம், நேரமிருந்தால் ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடாக்கள், மங்களம். வேலை முடிந்து தாமதமாக வருகிறவர்கள் வர்ணத்தை இழந்தாலும், பெரிய ராகத்துக்கு முன் வந்து சேர்ந்துவிடவேண்டும். ஆலாபனையின் நடுவே கதவைத் திறந்துகொண்டு நுழைவது, ஏலம் கூறிக்கொண்டிருப்பவர் வாயைப் பொத்துவதற்குச் சமானம்.

தாளம் போடுவதைப் பற்றிப் புதியவர்களுக்கு வீணான அச்சம் இருக்கிறது. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று எண்ணுதல், அப்புறம் தட்டும் வீச்சுமாக இரண்டு முறை. பக்கத்தில் போடுகிறவரைப் பார்த்துப் பத்து நிமிஷம் பழகினால் கை பிடித்துக்கொள்ளும். 'லாபம், இரண்டு, மூன்று' என்று தானியம் அளந்த பரம்பரையில் வந்தவர்களுக்கு எண்ணிக்கை பிசகாது. ஆகையினால்தான், மார்க்கெட்காரர்கள் முதலில் கேட்கவேண்டியது தனி ஆவர்த்தனம் என்று நான் வற்புறுத்துகிறேன். பாஷை வேண்டாம், ராகத்தின் பெயர் வேண்டாம். மிருதங்கக்காரரும் கடக்காரரும் கணக்கைப் பிரித்துக்கொடுத்து, சுருக்கி, மோராவிலும் கோர்வையிலும் கொண்டுவந்து சரியான இடத்தில் இறக்குவதைக் கைவிரலால் பின்தொடர்ந்தால் போதும். 'விஷயம் தெரிந்தவர்கள்' பலர் எழுந்து காப்பிக்குப் போவது சரியாக இந்த நேரத்தில்தான். அவர்களைப் பின்பற்ற வேண்டாம்.

குழந்தைகளை மூன்று மணி நேரம் உட்காரவைப்பது கொடுமை. முக்கால் மணி நேரம் போதும். வாசலுக்கு அருகில் உட்கார்ந்து, அழுவதற்கு முன் எழுந்துவிடுங்கள். அழுத பிறகு எழுந்தால், குழந்தையின் நினைவில் அழுகைதான் நிற்கும். முதியவர்களுக்கு முதுகுக்குப் பின் ஒரு சிறு தலையணையும், பிளாஸ்கில் சுக்குத்தண்ணீரும் அவசியம். ஆற்றங்கரை மண்டபம் என்றால் பனிக்கும் கொசுவுக்கும் சேர்த்து ஒரு சால்வை.

பாட்டின் பாஷை புரியவில்லை என்ற குறை நியாயமானது. அதற்குச் சுலபமான பரிகாரம், நம் ஊரைப் பற்றிய பாடல்களை முதலில் கேட்டுப் பழகுவது. தியாகையர் ஸ்ரீரங்கத்துக்கு வந்து பாடிய ஐந்தில், தோடியில் 'ராஜு வெடல', காம்போதியில் 'ஓ ரங்கசாயி' இரண்டையும் எந்தப் பருவத்திலும் எவராவது பாடுவார்கள். முத்துசாமி தீட்சிதர் ஸ்ரீரங்கத்துக்கு நாயகி ராகத்தில் 'ரங்கநாயகம்', மலைக்கோட்டைத் தாயுமானவருக்குக் கன்னட ராகத்தில் 'ஸ்ரீ மாத்ருபூதம்', திருவானைக்காவலுக்கு யமுனாகல்யாணியில் 'ஜம்பூபதே' செய்திருக்கிறார். உச்சிப்பிள்ளையார் படியில் நின்றால் மூன்று தலங்களும் கண்ணுக்குத் தெரியும். அப்படிப் பார்த்துவிட்டுக் கேட்பவருக்குச் சமஸ்கிருதம் தெரியாதது பெரிய தடையாக இராது. தமிழில் அருணாசலக் கவிராயரின் 'ஏன் பள்ளி கொண்டீரய்யா' அரங்கனையே நேரில் கேட்கும் கேள்வி. வயலூர் முருகனுக்கு அருணகிரிநாதரின் திருப்புகழ் இருக்கிறது. இப்படிப்பட்ட தமிழ்ப் பாடல்களைக் கடைசிப் பத்து நிமிஷத்துத் துக்கடாவாக ஒதுக்குவது வித்வான்களின் பழக்கதோஷம். கேட்கிறவர்கள் ஒரு சீட்டு எழுதி முன்கூட்டி அனுப்பினால், நடுவில் பாடுகிறவர்களும் உண்டு.

பருவத்தின் கடைசி நாள் திருவையாறு. 1847-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி தியாகையர் சித்தியடைந்தார். அந்தப் புஷ்ய பகுள பஞ்சமியே ஆராதனைத் திதி. சிதைந்து கிடந்த சமாதியை வாங்கி, தம் சொத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆண்கள் மட்டுமே பாடிவந்த இடத்தில் பெண்களும் பாடவேண்டும் என்று போராடி வென்றவரும் அவரே. 1952-இல் மறைந்த அந்த அம்மாளின் சமாதி, தியாகையர் சந்நிதியை நோக்கியே இருக்கிறது. பந்தலுக்குள் ஓடுமுன் அங்கே ஒரு நிமிஷம் நிற்கவேண்டும்.

காந்தி மார்க்கெட்டிலிருந்து போகிறவர்கள் தஞ்சாவூர் சென்று, அங்கிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் போகலாம். சொந்த வண்டி உள்ளவர்கள் கல்லணை, திருக்காட்டுப்பள்ளி வழியாக ஆற்றை ஒட்டிப் போவது அழகு; இருட்டில் வேண்டாம், வளைவுகள் அதிகம். பஞ்சரத்தின கோஷ்டி கானம் காலை ஒன்பது மணியளவில் தொடங்கும். ஏழரைக்குள் மணலில் இடம் பிடித்துவிடவேண்டும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு, சாகித்தியம் அச்சிட்ட புத்தகத்தைக் கையில் பிரித்துக்கொண்டால், பாடத் தெரியாதவரும் கூடவே முணுமுணுக்கலாம். அங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கோஷ்டி முடிந்ததும் முக்கால்வாசிக் கூட்டம் எழுந்து போய்விடும். நீங்கள் போகாதீர்கள். அதன்பின் இரவு வரை, பெரிய வித்வானும் பேர் தெரியாத பிள்ளையும் மாறி மாறி, ஆளுக்குச் சிறிது நேரம் பாடிவிட்டு இறங்குவார்கள். ஒரே நாளில் இத்தனை குரல்களையும் வாத்தியங்களையும் பாணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடையாது. சரக்கைக் கண்ணால் பார்த்தே தரம் சொல்லும் மார்க்கெட்காரர்களுக்கு இந்த வேலை கைவந்ததுதான்.

பஞ்சமி எந்த நாள் என்பதைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, மண்டியில் அன்றைய முறையை மாற்றிக்கொள்ளப் பத்து நாள் முன்பாகவே சொல்லிவையுங்கள். பொங்கலையொட்டி அந்தத் திதி வந்துவிட்டால், வாழைத்தாரும் கரும்பும் இறங்குகிற வாரத்தில் யாருக்கும் விடுப்புக் கிடைக்காது. அந்த ஆண்டு வானொலியின் நேரடி ஒலிபரப்பைக் கேட்டுக்கொள்ளவேண்டியதுதான்.